கல் எழுதாத வீடு

1

விழுப்புரம் மாவட்டத்தில் மண்டகப்பட்டு என்ற ஊரில் ஒரு சிறு குடைவரை இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்தது. விசித்திரசித்தன் என்ற பட்டப் பெயருடைய அரசன் பிரமன், சிவன், திருமால் ஆகிய மூவருக்கும் இந்தக் கோயிலைச் செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் ஆக்கினான் என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு கூறுகிறது. கோயில் எதனால் ஆனது என்று அது சொல்லவில்லை. எவையெல்லாம் இல்லாமல் ஆனது என்றுதான் சொல்கிறது. அன்று கோயில் என்றாலும் வீடு என்றாலும் இந்த நான்கும் சேர்ந்ததுதான் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததால்தான் இப்படிப் பெருமை பேச முடிந்திருக்கிறது.

தமிழ்க் கட்டிடக் கலையின் வரலாற்றை நாம் எழுதத் தொடங்குவது இந்தப் பெருமையிலிருந்துதான். பாடப்புத்தகம் முதல் ஆராய்ச்சி நூல் வரை குடைவரை, ஒற்றைக்கல் ரதம், கற்றளி என்று ஒரு படிக்கட்டு இருக்கிறது. அந்தப் படிக்கட்டுக்குக் கீழே என்ன இருந்தது என்று கேட்டால், அழிந்துபோயிற்று என்ற ஒரு வார்த்தையோடு விஷயம் முடிந்துவிடுகிறது.

ஆனால் கல் அவ்வளவு எளிதாக மரத்தை விட்டு விலகவில்லை. மாமல்லபுரத்தில் திரௌபதி ரதம் என்று நாம் சொல்வது கூரை வேய்ந்த குடிசை ஒன்றின் கல் வடிவம். பீம ரதத்தின் நீண்ட வளைந்த முகடு, மூங்கிலும் மரமும் வளைத்துக் கட்டிய சாலைக் கூரையின் நகல். கோயில் விமானங்களில் வரிசை வரிசையாக வரும் கூடு என்ற அலங்கார வடிவம் ஒரு காலத்தில் மரக் கூரையின் முகப்பு வளைவாக இருந்தது. இதன் உச்சம் ஆவுடையார்கோயில் கொடுங்கை. அங்கே கல்லில் கைமரம் உண்டு, குறுக்குச் சட்டம் உண்டு, அவற்றைப் பிணைக்கும் ஆணியின் தலைகூட உண்டு. கல்லுக்குக் கைமரமும் ஆணியும் தேவையே இல்லை. ஆவுடையார்கோயில் கொடுங்கையைத் தவிர மற்றதெல்லாம் செய்து தருகிறோம் என்று சிற்பிகள் ஒப்பந்தம் எழுதுவார்கள் என்று ஒரு வழக்கு உண்டு. அசாத்தியத்தின் அளவுகோலாக அவர்கள் கொண்டது ஒரு கடவுள் சிலையை அல்ல, கல்லில் செய்த ஒரு மரக் கூரையின் விளிம்பை.

மரத்தை மறுத்துத் தொடங்கிய கல் பல நூற்றாண்டுகள் மரத்தையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது. அந்த மரக் கட்டிடம் எப்படி நின்றிருக்கும், எந்தத் தர்க்கத்தில் நின்றிருக்கும் என்பதை ஊகத்துக்கு விடாமல் கண்ணால் பார்க்கத் தமிழ்நாட்டு மண்ணில் பெரிய அளவில் ஓர் இடம் இருக்கிறது. அது பத்மநாபபுரம்.

2

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் சாலையில் தக்கலைக்குப் பக்கத்தில், வேளிமலையின் அடிவாரத்தில் இருக்கிறது பத்மநாபபுரம். பழைய பெயர் கல்குளம். வேணாட்டு அரசர்களின் தலைநகரம். அரண்மனையின் ஆகப் பழைய பகுதியான தாய்க் கொட்டாரத்தை 1550ஐ ஒட்டியது என்றும், அரண்மனையாக அது உருக்கொண்டது 1601 வாக்கில் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் காலத்தில் என்றும் சொல்வது மரபு. இன்று நாம் பார்க்கும் விரிவு பெரும்பாலும் 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்ட வர்மா காலத்தது. 1741இல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்தவர். 1750இல் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, அவருக்கு ஊழியம் செய்பவனாகத் தன்னை அறிவித்துக்கொண்டவர். கல்குளம் பத்மநாபபுரம் ஆனதும், மண் கோட்டை கல் கோட்டை ஆனதும் அவர் காலத்தில். 1795இல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போயிற்று. அரண்மனை பின்தங்கி நின்றது.

இந்தப் பின்தங்கல்தான் அதைக் காப்பாற்றியது என்று எனக்குத் தோன்றுகிறது. தலைநகரமாகத் தொடர்ந்திருந்தால் பத்தொன்பதாம் நூற்றாண்டு அதைச் சும்மா விட்டிருக்காது. அரண்மனைக்கு உள்ளேயே இதற்கு ஒரு சாட்சி உண்டு. விருந்தினர்களுக்காக எழுப்பப்பட்டது என்று சொல்லப்படும் இந்திர விலாசம் என்ற பகுதியில் கூரை உயர்ந்துவிடுகிறது, கதவுகள் பெரிதாகிவிடுகின்றன, மற்ற இடங்களில் குனிந்து போகும் மனிதன் அங்கே நிமிர்ந்துகொள்கிறான். மேற்கத்திய ரசனை முதலில் கேட்டது உயரம்.

கல்லும் செங்கல்லும் சுண்ணாம்பும் இந்த அரண்மனையில் இல்லாமல் இல்லை. கீழ்த்தளங்களில் கனத்த சுவர்கள் உண்டு. நவராத்திரி மண்டபம் முழுக்கக் கருங்கல். ஆனால் மேலே போகப் போகச் சுவர் மெலிந்து மரமாகிறது, மரம் மெலிந்து அழிகளாகிறது. பூமுகத்துக்கு மேலே உள்ள மந்திரசாலையில் இதை நன்றாக உணரலாம். சாய்ந்த மரச் சட்டங்களின் இடைவெளியில் வெளிச்சம் பொடிந்து உள்ளே வருகிறது, காற்று வருகிறது, மழை வருவதில்லை. உள்ளிருப்பவன் வெளியே பார்க்கலாம், வெளியில் நிற்பவன் உள்ளே பார்க்க முடியாது. அரசு நடத்துவதற்கு உகந்த ஜன்னல் என்று சொல்ல வேண்டும். தரையோ கறுப்புக் கண்ணாடி போல மின்னுகிறது. சுண்ணாம்பு, தேங்காய்ச் சிரட்டைக் கரி, முட்டையின் வெண்கரு இவை சேர்ந்த பூச்சு என்கிறார்கள்.

இவற்றுக்கெல்லாம் மேலே கூரை. இங்கே கட்டிடம் என்பதே கூரைதான். இரண்டு பருவமழைகளும் வந்து தொடும் மூலை அது. செங்குத்தாகச் சரிந்து, சுவரைத் தாண்டி வெகுதூரம் இறங்கி, கிட்டத்தட்டத் தரையைப் பார்த்துக் குனியும் கூரைக்குக் கீழே சுவர் ஒரு திரை மாத்திரம். அந்தப் பக்கத்து மரபில் கூரையின் கைமரங்கள் ஒவ்வொன்றிலும் ஒரே உயரத்தில் துளையிட்டு, எல்லாத் துளைகளின் வழியாகவும் நீண்ட சட்டம் ஒன்றைப் பூமாலைக்கு நூல் கோப்பது போலக் கோத்துவிடுகிறார்கள். எந்தக் கைமரமும் தனியாக அசைய முடியாது. பிணைப்புகள் பெரும்பாலும் மரத்துக்குள் மரம் செருகியவை. இரும்பாணி அடித்தால் ஈரக்காற்றில் அது துருப்பிடித்துத் தன்னைச் சுற்றியுள்ள மரத்தையும் கெடுத்துவிடும். மர முளை மரத்தோடு சேர்ந்து விரியும், சேர்ந்து சுருங்கும்.

இவ்வளவையும் தரையில் அளந்து, அறுத்து, பொருத்திப் பார்த்துவிட்டுத்தான் மேலே ஏற்றுவார்கள். அளவு கோல் என்ற அலகில். இருபத்துநான்கு விரல் ஒரு கோல், இன்றைய கணக்கில் சுமார் 72 சென்டிமீட்டர். வீட்டின் சுற்றளவு என்ற ஓர் எண்ணிலிருந்து மற்ற அளவுகள் எல்லாம் பிறக்கின்றன. பதினாறாம் நூற்றாண்டில் திருமங்கலத்து நீலகண்டன் எழுதிய மனுஷ்யாலய சந்திரிகை இந்தக் கணக்கைச் செய்யுளாக்கி வைத்திருக்கிறது. நம் பக்கத்தில் பஞ்சாங்கத்தின் பின்பக்கங்களில் வரும் மனையடி சாஸ்திரமும் இதே குடும்பம். நாம் அதில் பலனை மட்டும் வைத்துக்கொண்டு கணக்கைத் தொலைத்துவிட்டோம்.

3

ஆங்கிலம் படித்தவர்களுக்கு மர வீடு என்றதும் நினைவுக்கு வருவது வேறொரு சித்திரம். வெள்ளைச் சுவரில் கறுப்புச் சட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் இங்கிலாந்துக் கிராமத்து மாளிகை. நாவல்களின் அட்டைகளிலும் பிஸ்கட் டப்பாக்களிலும் பார்த்துப் பழகியது. ஷேக்ஸ்பியர் பாடம் நடத்திய வகுப்பறைகளில் அவருடைய ஊர் வீட்டின் படமாக வந்தது. அதையும் பத்மநாபபுரத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பது உபயோகமானது. ஏனென்றால் இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தவை.

செஷயர் பிரதேசத்தில் லிட்டில் மோர்ட்டன் ஹால் என்ற மாளிகை 1500களின் முதல் பத்தாண்டில் தொடங்கி, ஒரு நூற்றாண்டு காலம் துண்டு துண்டாக வளர்ந்து, 1610 வாக்கில் நின்றது. தாய்க் கொட்டாரமும் 1601ஆம் ஆண்டும் இந்த இடைவெளிக்குள் அடங்கிவிடுகின்றன. சுற்றிலும் அகழி, நடுவில் முற்றம், முற்றத்தைச் சுற்றி ஓக் மரச் சட்டக வீடு. கல் அடித்தளத்தின் மேல் படுக்கையாக ஒரு உத்தரம், அதிலிருந்து எழும் தூண்கள், தூண்களை இணைக்கும் குறுக்கு மரங்கள், காற்று தள்ளினால் சாயாமலிருக்க மூலைவாட்டுக் கட்டைகள். இடைவெளிகளைக் குச்சி பின்னி மண் பூசி அடைப்பது அந்நாட்டுப் பொது வழக்கம்.

அங்கே கூரையைவிடச் சட்டகம் முக்கியம். ஓக் மரத்தைப் பச்சையாகவே, ஈரம் காயும் முன்பே அறுத்துப் பொருத்திவிடுவார்கள். காயக் காய மரம் சுருங்கி இணைப்பை இறுக்கிக்கொள்ளும். முளை அடிக்கும் துளைகளை வேண்டுமென்றே சற்று விலக்கித் துளைப்பார்கள், முளை உள்ளே போகும்போது இரண்டு மரங்களையும் இழுத்துச் சேர்ப்பதற்காக. தச்சுக் களத்தில் செய்து, ஒவ்வொரு இணைப்பிலும் ரோமன் எண்ணைக் கீறிப் பிரித்து, வண்டியில் ஏற்றி, மனையில் மறுபடி எண் பார்த்துச் சேர்ப்பார்கள். காய்ந்து முறுக்கிக்கொண்ட மரத்தால் வீடு கொஞ்சம் கோணிக்கொள்ளும். அந்தக் கோணல் இன்று அதன் அழகு.

ஒன்று காற்றைப் பற்றிய சிந்தனை, மற்றது மழையைப் பற்றிய சிந்தனை. கருவிகளும் இணைப்பின் அடிப்படையும் கிட்டத்தட்ட ஒன்று. ஒருவரையொருவர் அறியாத இரண்டு தச்சர் கூட்டங்கள் ஒரே மாதிரியான பிரச்சினைக்கு ஒரே மாதிரியான விடையை அடைந்திருக்கின்றன. இந்த ஒற்றுமையைப் பேசத்தான் கலாசார உறவு என்ற வார்த்தை பயன்பட வேண்டும்.

மோர்ட்டன் மாளிகையில் ஒரு தவறும் உண்டு. கட்டி முடிந்த வீட்டின் தலையில் பின்னால் ஒரு நீண்ட கூடத்தை ஏற்றிவைத்தார்கள், அதன்மேல் கல் பலகைக் கூரையையும் வைத்தார்கள். கீழே இருந்த சட்டகம் அந்தக் கனத்துக்குப் போட்டதல்ல. தரை அலையாய் நெளிந்தது, சுவர்கள் வளைந்தன, பிற்காலத்தில் மறைவாக எஃகுத் தண்டுகள் செருக வேண்டியிருந்தது. ஆடம்பரத்தின் விலையை மரம் மறைக்காது. கல் மறைத்துவிடும்.

4

உருவமா உள்ளடக்கமா என்று இலக்கியத்தில் நாம் எவ்வளவோ சண்டை போட்டிருக்கிறோம். மர வீட்டில் இந்தச் சண்டைக்கு இடமில்லை. எது தாங்குகிறதோ அதுவே தெரிகிறது. சட்டகமே முகம்.

இதைத் தவறாகப் புரிந்துகொண்டால் என்ன ஆகும் என்பதையும் இங்கிலாந்துதான் காட்டியது. கறுப்பும் வெள்ளையுமான அந்தப் புகழ்பெற்ற தோற்றம் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பூச்சு. அதற்கு முன் பல வீடுகளில் ஓக் மரம் பூச்சில்லாமல் வெயிலிலும் மழையிலும் வெள்ளிச் சாம்பல் நிறமாகப் பழுத்திருந்தது. விக்டோரியா காலத்துக்குப் பழமை என்பது அழுத்தமாகத் தெரிய வேண்டியிருந்தது, கீல் பூசினார்கள். அடுத்த கட்டமாகச் செங்கல் சுவரின் மேல் வெறும் பலகைகளை ஒட்டி டியூடர் பாணி என்றார்கள். ஒரு பாரத்தையும் தாங்காத சட்டகம். அந்தப் பாணி கப்பலேறி நம் பக்கத்து மலைவாசத் தலங்களுக்கும் வந்தது.

நுவரெலியாவில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸின் வீட்டிலிருந்து வளர்ந்த கிராண்ட் ஹோட்டல் எலிசபெத் காலத்து மாளிகை போல முகம் காட்டுகிறது. அதைச் சுற்றிய தேயிலை மலைகளில் தமிழ்நாட்டிலிருந்து போன தொழிலாளிக்குக் கிடைத்தது லயத்தில் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. துரைக்குத் தன் ஊர் ஞாபகமாகப் பொய்ச் சட்டகமாவது தேவைப்பட்டது. தொழிலாளியின் ஊர் ஞாபகத்துக்கு அந்த மலையில் ஒரு திண்ணைகூட இல்லை. கட்டிடக் கலையின் வரலாற்றில் பாணி என்ற அத்தியாயத்துக்குப் பக்கத்தில் எழுதப்படாத அத்தியாயம் இது.

ஆனால் பத்மநாபபுரத்தை நாமும் பலகை ஒட்டிய வீடாகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். போய் வந்தவர்களைக் கேளுங்கள். பூமுகத்து மச்சில் 90 விதமான பூக்கள், மன்னரின் கட்டிலில் 64 மூலிகை மரங்கள், ஊட்டுப்புரையில் ஒரே நேரத்தில் 1000 பேர் சாப்பிடும் கூடம். எல்லாம் எண்ணிக்கை. உப்பரிகை மாளிகையின் கீழே கருவூலம், மேல்தளத்தில் சாட்சாத் பத்மநாபனுக்கே படுக்கை, சுவரில் ஓவியம் என்று சொல்வார்கள். பலாமரத் தூணில் செதுக்கிய பூவேலை தெரியும். தூண் எதைத் தாங்குகிறது என்பது தெரியாது. 1989இல் வந்த ‘வருஷம் 16’ படத்தில் அந்த முற்றங்களும் தாழ்வாரங்களும் வந்தன. தமிழ் ரசிகனுக்கு அது ஒரு பெரிய குடும்பத்தின் வீடு, அவ்வளவுதான். பார்த்ததாகவே நினைவில்லாமல் பார்த்திருக்கிறோம்.

5

1956 நவம்பர் 1ஆம் தேதி கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அரண்மனை நின்ற மண் தமிழ்நாட்டுக்கு வந்தது, அரண்மனையின் நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறையிடம் இருந்தது. இன்றும் அப்படியே. 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் சேர்ந்தது. நிர்வாகத்தைப் பற்றி எனக்குப் புகார் ஒன்றும் இல்லை. என் கவலை வேறு. கேரளத்துக்கு அது எல்லைக்கு அப்பால் இருக்கும் பழைய தலைநகரம். நமக்கு அது நம் எல்லைக்குள் இருக்கும் அவர்களுடைய அரண்மனை. தமிழில் எழுதப்படும் கட்டிடக் கலை வரலாறுகளில் தஞ்சாவூருக்கும் மதுரைக்கும் கிடைக்கும் பக்கங்களில் ஒரு பங்குகூட அதற்குக் கிடைப்பதில்லை. மண்டகப்பட்டில் தொடங்கிய மறுப்பு இப்போது மாநில எல்லையின் துணையோடு தொடர்கிறது.

அந்த அரண்மனை இன்று நிற்பதற்குக் காரணம் 1930களில் சித்திரைத் திருநாள் மகாராஜா காலத்தில், திருவிதாங்கூர்த் தொல்லியல் துறையின் இயக்குநராக இருந்த வாசுதேவப் பொதுவாளின் பொறுப்பில் நடந்த சீரமைப்பு. சீரமைப்பு என்றால் மரத்தில் ஒரே அர்த்தம்தான். உளுத்ததை எடுத்துவிட்டுப் புதியதைச் செருகுவது. அப்படியானால் இப்போது நாம் பார்ப்பது பழைய அரண்மனையா, அதன் பிரதியா?

இந்தக் கேள்வியைக் கேட்பவன் கல்லின் மூளையோடு கேட்கிறான். பழைய கட்டிடங்களைப் பேணுவதற்காக 1964இல் வெனிசில் வகுக்கப்பட்ட சாசனம் மூலப் பொருளுக்கே முதல் மரியாதை தந்தது. மார்பிளும் செங்கல்லும் கண்ட நாடுகளின் அனுபவம் அது. ஜப்பானில் இஸே என்ற ஷிண்டோ கோயிலை இருபது ஆண்டுக்கு ஒரு முறை பக்கத்து மனையில் புதிய மரத்தில் அச்சாகக் கட்டிவிட்டுப் பழையதைப் பிரித்துவிடுகிறார்கள். ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி, நடுவில் போர்க்காலங்களில் தடைப்பட்டு, 2013இல் 62வது முறை நடந்தது. அதன் வயது இருபதுக்குள்ளா, ஆயிரத்து முந்நூறா? இந்தச் சங்கடத்திலிருந்துதான் 1994இல் நாரா நகரில் கூடியவர்கள், அசல் தன்மை என்பது பொருளில் மட்டும் இல்லை, உருவத்திலும் செய்முறையிலும் மரபிலும் இருக்கிறது என்று எழுதினார்கள். 2019இல் தீயில் எரிந்த பாரிஸ் நோத்ர் தாம் கோயிலின் கூரையை, பச்சை ஓக் மரத்தைக் கைக்கோடாலியால் செதுக்கி, பழைய இணைப்புகளின்படி மறுபடி ஏற்றி 2024 டிசம்பரில் திறந்தார்கள். கோடாலி பிடிக்கத் தெரிந்த கைகள் மிச்சமிருந்ததால்தான் அது முடிந்தது.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. கல் கட்டிடத்தைக் காவல்காரன் காப்பாற்றலாம். மரக் கட்டிடத்தைத் தச்சன்தான் காப்பாற்ற முடியும். ஒரு கைமரம் உளுத்தால் அதன் துளை எந்தக் கோணத்தில் இருக்க வேண்டும் என்று தெரிந்தவன் ஊரில் இல்லையென்றால், அரண்மனை நின்றுகொண்டே செத்துப்போகும்.

6

மரத்துக்கு இன்னொரு குணம் உண்டு. அதைக் கழற்றலாம். கழற்ற முடிந்ததைத் தூக்கிக்கொண்டும் போகலாம்.

ஊட்டியில் புனித ஸ்டீபன் தேவாலயத்துக்கு 1829இல் அடிக்கல் நாட்டினார்கள். அதன் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையை இடித்து எடுத்தவை. மைசூரிலிருந்து மலையேறி வந்த மரம். தோற்றவனின் கூரையை எடுத்து ஜெயித்தவன் தன் கடவுளுக்குப் போட்டுக்கொண்டான். கீழேயுள்ள மனிதர்கள் எந்த மொழியில் ஜெபித்தாலும் உத்தரம் தாங்கிக்கொண்டிருக்கிறது.

செட்டிநாட்டில் போர் எதுவும் நடக்கவில்லை. பர்மாவில் வட்டிக்குவிட்டுச் சம்பாதித்த பணம் பர்மாத் தேக்குத் தூண்களாக வந்து இறங்கியது. இரண்டாம் உலகப்போரோடு அந்தப் பணமும் பாதையும் அறுந்தன. பங்காளிகள் பெருகி, ஊரைவிட்டுப் போய், வீட்டைப் பராமரிக்க முடியாமல் பிரித்து விற்றார்கள். காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் நிலைகளும் கதவுகளும் தூண்களும் சுவரில் சாய்ந்து நிற்கின்றன. வாங்கிப்போகிறவர்கள் அவற்றை நட்சத்திர ஹோட்டல் வரவேற்பறைகளில் நிறுத்துகிறார்கள். எதையும் தாங்காத தூண், எதையும் மூடாத கதவு. டியூடர் பலகைக்கு எதிர்த்திசையிலிருந்து வந்து அதே இடத்தைச் சேர்ந்திருக்கிறோம்.

ஊத்துக்குளியில் அரண்மனையும் இல்லை, பர்மாப் பணமும் இல்லை. இங்கே இருந்தது பனை. பனஞ்சட்டத்தைக் கைமரமாகப் போட்டு, மேலே நாட்டு ஓடோ பின்னால் வந்த சீமை ஓடோ வேய்ந்து, ஆசாரமும் திண்ணையுமாக நின்ற கொங்கு வீடுகள். நன்றாக முற்றிய ஆண்பனை வைரத்தைக் கறையான் எளிதில் தொடாது என்று இங்கே பெரியவர்கள் சொல்வார்கள். வெண்ணெய்க்குப் பேர்போன ஊர், திருப்பூர் பனியன் தொழிலின் அரவணைப்பில் மாறிவிட்டது. ஓட்டு வீடுகள் இறங்குகின்றன. அந்த இடத்தில் தளம் போட்ட வீடோ தகரக் கொட்டகையோ எழுகிறது. இதைக் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஒழுகும் ஓட்டை மாற்ற வருஷா வருஷம் ஆள் தேடி அலைந்தவர்களுக்குத்தான் தளத்தின் அருமை தெரியும். பழைய வீட்டின் அழகைப் பற்றி அதில் குடியிருக்காதவர்கள் பேசுவதில் ஒரு அசிங்கம் இருக்கிறது.

வங்கியில் வீட்டின் பேரில் கடன் கேட்கும் விண்ணப்பத்தோடு ஒரு மதிப்பீட்டு அறிக்கை சேர்ந்து வரும். அதில் கட்டிடத்தின் வயது என்று ஒரு கட்டம், எஞ்சியுள்ள ஆயுள் என்று ஒரு கட்டம். கான்கிரீட் வீட்டுக்கு இரண்டையும் நிரப்பிவிடலாம். அது ஒரு நாள் பிறந்து, தன் கம்பிகள் துருப்பிடிக்கும்வரை வாழ்ந்து, ஒரு நாள் மொத்தமாகப் போகும். ஓடு ஒரு வருஷம், சட்டம் ஒரு வருஷம், நிலை ஒரு தலைமுறை என்று தன்னை மாற்றிக்கொண்டே இருக்கும் வீட்டுக்கு எந்த எண்ணைப் போடுவது? அதன் எஞ்சிய ஆயுள் மரத்தில் இல்லை. தச்சு தெரிந்தவர்கள் அந்த ஊரில் எத்தனை பேர் எஞ்சியிருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

7

மோர்ட்டன் மாளிகையின் முற்றத்து ஜன்னல்களின் மேல் ஒரு வாசகம் செதுக்கியிருக்கிறது. வருஷம் 1559. வீட்டுக்காரர் வில்லியம் மோர்ட்டனின் பெயரும் இருக்கிறது, ஜன்னல்களைக் கடவுள் அருளால் செய்த ரிச்சர்ட் டேல் என்ற தச்சனின் பெயரும் இருக்கிறது. தச்சன் என்ற சொல்லை எழுத்துப் பிழையோடு செதுக்கியிருக்கிறான். உளி பிடித்த கைக்கு எழுத்து அவ்வளவு பழக்கமில்லை போலும். எழுத்து தெரியாததால் பெயர் இல்லாமல் போக வேண்டும் என்று அங்கே யாரும் நினைக்கவில்லை.

பத்மநாபபுரத்தில் நமக்கு அரசர்களின் பெயர்கள் வரிசையாகச் சொல்லப்படுகின்றன. ஒரு ஆசாரியின் பெயரும் சொல்லப்படுவதில்லை. மலையாளத்தில் பெருந்தச்சன் என்று ஒரு கதை இருக்கிறது, தன்னைவிடத் தேர்ந்தவனான மகன் மேல் உளியை நழுவவிட்ட தகப்பனின் கதை. கதையிலும் அவன் பெருந்தச்சன்தான், பெயர் கிடையாது.

தமிழ்க் கல் தச்சர்களைப் பற்றிப் பேசியே இராததா? பேசியிருக்கிறது, அதுவும் நம் கொங்கு நாட்டில். கோனேரின்மைகொண்டான் என்ற பட்டப் பெயரோடு ஓர் அரசன் வெங்கால நாட்டுக் கம்மாளர்களுக்குக் கொடுத்த ஆணை கரூர்ப் பசுபதீசுவரர் கோயிலில் வெட்டப்பட்டிருக்கிறது. தச்சர், கொல்லர், தட்டார், கன்னார், சிற்பி சேர்ந்தவர்கள்தாம் கம்மாளர். உங்கள் வீட்டு நல்லது கெட்டதுகளில் இரட்டைச் சங்கு ஊதிக்கொள்ளலாம், பறை கொட்டிக்கொள்ளலாம், வெளியே போகும்போது காலில் செருப்புப் போட்டுக்கொள்ளலாம், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம் என்பது அந்த ஆணையின் சாரம்.

கடைசி உரிமையை மறுபடி ஒருமுறை யோசித்துப் பாருங்கள். ஊருக்கெல்லாம் வீடு கட்டியவன் தன் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூச அரசனிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அனுமதி கிடைத்தது பெரிய விஷயம் என்பதால் அதைக் கல்லில் வெட்டிவைத்தார்கள். அவன் செய்த கூரை எதுவும் இன்று இல்லை. அவனுக்கு என்ன மறுக்கப்பட்டிருந்தது என்ற செய்தி மட்டும் இருக்கிறது. நாம் அழிந்துபோயிற்று என்று ஒரு வார்த்தையில் கடந்துவிடும் மர வரலாற்றில் மரம் மட்டும் அழியவில்லை. மரத்தை அறிந்தவர்கள் தெருக் கோடியில் வைக்கப்பட்டிருந்தார்கள். அவர்களுடைய அறிவு எழுத்துக்குள் அனுமதிக்கப்படவில்லை. கறையானுக்கு முன்பே வேறொன்று வேலையை முடித்திருந்தது.

உத்தரத்தைத் தாங்கிக்கொண்டிருப்பது தான்தான் என்று பல்லி நினைத்துக்கொள்ளும் என்று மலையாளத்தில் ஒரு சொலவடை உண்டு. அரண்மனையைக் கட்டியவர் இன்ன மகாராஜா என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வருகிறது.

இனி என்ன செய்ய முடியும்? ஓட்டு வீடுகளைக் காப்பாற்றுங்கள் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, நான் குடியிருப்பதும் தளம் போட்ட வீடு. ஆனால் ஒன்று செய்யலாம். தக்கலையிலும் காரைக்குடியிலும் இங்கே ஊத்துக்குளியிலும் இன்னும் உளி வைத்திருக்கும் முதிய ஆசாரிகளிடம் உட்கார்ந்து, ஒவ்வொரு இணைப்புக்கும் என்ன பெயர், எந்த மரத்துக்கு எந்த இணைப்பு, ஏன் என்று கேட்டு எழுதலாம். அளந்து படம் போடலாம். கோயில் கல்வெட்டுகளுக்கு நாம் செலவிட்ட உழைப்பில் நூறில் ஒரு பங்கு போதும். பத்மநாபபுரத்தின் கூரை இந்த அகராதியின் உதவியில்லாமல் அடுத்த நூற்றாண்டைத் தாண்டாது.

மொழி இன்னும் காத்துக்கொண்டிருக்கிறது. வேலை கிடைக்காமல் வீட்டில் கிடக்கும் பையனைப் பற்றி, விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறான் என்று இன்றும் சொல்கிறோம். அவன் தலைக்கு மேலே இருப்பது கான்கிரீட் தளம். விட்டம் என்று ஒன்று அந்த வீட்டில் கிடையாது. அது எப்படி இருக்கும் என்றும் அவனுக்குத் தெரியாது.